சத்தமில்லாமல் வந்த கார்

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை. எங்கள் மலையூர் கொலெசானோ வழியாகத் தார்கா ஃப்ளோரியோ கார்ப் பந்தயம் ஓடும் நாள். போர் நடந்த ஆண்டுகளை விட்டுவிட்டால், என் தாத்தா காலத்திலிருந்து அநேகமாக வருஷம் தவறாமல் ஓடுகிற பந்தயம். எழுபது கிலோமீட்டர் மலைச்சாலையைப் பத்துச் சுற்று சுற்ற வேண்டும்.

ஊர் எல்லைத் திருப்பத்தில் எனக்குக் கொடி காட்டும் வேலை. துணைக்கு என் சித்தி மகன் சாரோ. அங்கிருந்து இறக்கத்தில் அறுநூறு தப்படி தள்ளி, சாலையை ஒட்டி என் வீடு. உள்ளே என் மனைவி புரோவிதென்சா, எட்டு மாதம் முடிந்த வயிற்றோடு. கூட அவள் அம்மா.

மூன்றாவது சுற்று ஓடிக்கொண்டிருந்தபோது என் வீட்டுச் சன்னலில் வெள்ளை விரிப்பு தொங்குவதைப் பார்த்தேன். வலி எடுத்தால் அதைப் போடச் சொல்லியிருந்தேன். பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

"துணி காயப் போட்டிருப்பாங்கடா," என்றான் சாரோ.

"பந்தயத்தன்னிக்கு எவ துணி துவைப்பா?"

போன வருஷம் எங்கள் முதல் குழந்தை கழுத்தில் தொப்புள்கொடி சுற்றி, பிறக்கும்போதே இறந்து போனது. மருத்துவச்சி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. "அடுத்த தடவை வலி எடுத்த நிமிஷமே என்னைக் கூப்பிடு" என்று அவள் சொல்லிவிட்டுப் போனது இன்னும் காதில் இருந்தது.

கொடியைச் சாரோவிடம் கொடுத்துவிட்டு ஊருக்குள் ஓடினேன். மருத்துவச்சி நின்ஃபா தன் மாடியில் நாற்காலி போட்டு, அவித்த பட்டாணியைக் கொறித்தபடி பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தாள். அறுபது வயது, கனத்த உடம்பு, இடது முழங்காலில் வாதம்.

"மூணு வாரம் இருக்குன்னு சொன்னேனேடா!"

"குழந்தைக்கு நாள் கணக்கு தெரியாதும்மா. கிளம்புங்க!"

பையை எடுத்துக்கொண்டு வந்தாள். திருப்பத்துக்கு வந்து சாலையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். வீட்டுக்குப் போகும் ஓடைப்பாதையைக் குளிர்கால மழை அரித்துக்கொண்டு போயிருந்தது. கார் ஓடும் சாலை ஒன்றுதான் வழி. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் முழங்கால் உயரச் சுவர், அதற்கப்பால் பள்ளம். பந்தயத்தை நிறுத்தச் சொல்லலாம் என்றால் தொலைபேசி அடுத்த கொடிக்காரர் நிற்கும் இடத்தில், என் வீட்டையும் தாண்டி இருந்தது.

"நான் மஞ்சக் கொடியைக் காட்டுறேன். ஆனா அவனுங்க பெருசா வேகத்தைக் குறைக்க மாட்டானுங்க, பாத்துக்க," என்றான் சாரோ.

"இவ்ளோ பெரிய உடம்பு அவனுங்க கண்ணுக்குத் தெரியாமலா போகும்?" என்றாள் நின்ஃபா. சொன்னவளுக்கே உதடு உலர்ந்திருந்தது.

என் நம்பிக்கையெல்லாம் காதுதான். மேல் பாலத்தில் கார் வரும்போது சத்தம் கேட்கும். பிறகு குன்று மறைத்துவிடும். அதிலிருந்து இருபது எண்ணுவதற்குள் கார் நம்மேல் வந்துவிடும். சத்தம் கேட்டால் ஒதுங்க, பாதி வழியில் பாறையில் குடைந்த மாதா கெபி ஒன்று இருந்தது. அதற்கப்புறம் வீடு வரை ஒதுங்க இடமே இல்லை.

இறங்கினோம். அவள் நொண்டி நொண்டி ஓடினாள். நான் கையைப் பிடித்து இழுத்தேன். கெபிக்கு முப்பது தப்படி இருக்கும்போது பாலத்தில் சத்தம் கேட்டது. வாய்விட்டு எண்ணினேன். பதினாறில் அவளைக் கெபிக்குள் தள்ளி, நானும் முதுகை ஒட்டிக்கொண்டேன். சிவப்பாக ஒன்று, அதன் வாலிலேயே இன்னொன்று, கை நீட்டினால் தொடும் தூரத்தில் போயின. பொடிக்கற்கள் முகத்தில் அடித்தன. என் கால்சட்டை நனைந்திருந்ததை நடக்கும்போதுதான் உணர்ந்தேன்.

"மாதாவே, மாதாவே" என்று நின்ஃபா முனகினாள். "வீட்டுக்குப் போனதும் உன்னைக் கொல்றேன் பாரு."

பாலத்துப் பக்கம் அமைதி. கிளம்பினோம். வீட்டுக்கு இருநூறு தப்படி இருக்கும்போது பின்னால் சாரோவின் அலறல் கேட்டது. என்ன சொன்னானோ புரியவில்லை. திரும்பினேன். திருப்பத்தில் ஒரு வெள்ளைக் கார். எஞ்சின் செத்து, இறக்கத்தில் தானாக உருண்டு வந்துகொண்டிருந்தது. டயர் தாரில் உரசும் சீறல் மட்டும்தான். எண்ணுவதற்கு ஒன்றுமே இல்லை.

நின்ஃபாவைப் பாறையோடு அழுத்தி, அவள்மேல் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். இரும்பு கல்லில் தேய்வது நெடுநேரம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது கார் எங்களைத் தாண்டி, எதிர்ச் சுவரில் மோதி நின்றிருந்தது. ஒரு சக்கரம் பள்ளத்தின் மேல் சுழன்றுகொண்டிருந்தது.

ஓட்டி வந்தவன் இறங்கினான். ஏதோ வெளிநாட்டுக்காரன், இருபத்தைந்து வயதுகூட இருக்காது. தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுத் தன் மொழியில் கத்தினான்.

"போடா! உன்னைப் பெத்தப்பவும் ஒருத்தி இப்படித்தான் ஓடியிருப்பா!" என்று நின்ஃபா திருப்பிக் கத்தினாள். தன் வயிற்றின்மேல் பெரிய வட்டம் போட்டு, வெள்ளை விரிப்பைக் காட்டினாள்.

அவன் விரிப்பைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு மேட்டில் ஏறி ஓடி, சாலை நடுவில் நின்று தலைக்கவசத்தை இரு கையாலும் ஆட்டினான். அடுத்து வந்த மூன்று கார்களும் பல்லைக் கடித்தது போல் உறுமிக்கொண்டு ஊர்ந்தன. அவற்றுக்கு முன்னால் நாங்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

நின்ஃபா உள்ளே போனதும் மாமியார் என் முகத்தில் கதவைச் சாத்தினாள். வெளியே நின்றேன். புரோவிதென்சாவின் அலறல் கேட்டது, பிறகு கேட்கவில்லை. குழந்தை அழுகிறதா என்று காதைக் கதவில் வைத்தேன். அதே நேரம் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சத்தம் அடங்கும், காதைத் தீட்டுவேன், அடுத்தது வந்துவிடும். போன வருஷமும் இதே கதவருகில்தான் நின்றேன். அன்று ஊர் அமைதியாக இருந்தது, உள்ளேயும் அமைதியாக இருந்தது.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. கதவு திறந்தது. மாமியாரின் கை முழங்கை வரை ஈரம்.

"பொண்ணு. கொடி இந்தத் தடவையும் சுத்தித்தான் இருந்துச்சு. நின்ஃபா எடுத்துட்டா. ஏண்டா இப்படி நிக்கிற? மூச்சு விடு."

"அழுதுச்சா?"

"அழுதுச்சாவா? காது செவிடா உனக்கு?"

அந்த வெள்ளைக் கார்க்காரன் எங்கள் முற்றத்தில் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தான். மாமியார் இருவருக்கும் திராட்சை மது ஊற்றிக் கொடுத்தாள். அவன் கிண்ணத்திலும் பாதி சிந்தியது, என் கிண்ணத்திலும் பாதி சிந்தியது. மாலையில் சாலை திறந்ததும் அவன் ஆட்கள் வந்து அவனைக் கூட்டிப் போனார்கள். அவன் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

அடுத்த மே மாதம் பந்தயத்தில் கொடி காட்ட ஆள் சேர்க்க வந்தார்கள். நான் போகவில்லை. பந்தயத்துக்கு முந்தின நாளே மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு கடலோர ஊரான செஃபலுவில் இருக்கும் மச்சான் வீட்டுக்குக் கிளம்பினேன்.

"ஊர் உலகமே பந்தயம் பாக்க இங்க வருது. நீ எங்களைக் கடலைப் பாக்கக் கூட்டிட்டுப் போற," என்று புரோவிதென்சா வழிநெடுகத் திட்டினாள். குழந்தை அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. மூச்சு வருகிறதா என்று மூன்று முறை தொட்டுப் பார்த்தேன்.