நாற்பது ஆமென்கள்

அப்பா பேருந்திலிருந்து இறங்கும்போதே அவள் அந்தப் புத்தகத்தைப் பார்த்துவிட்டாள். துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தார். சுற்றியிருந்தாலும் பருமனே காட்டிக்கொடுத்தது. முப்பது வருடமாக அவருடைய மேசையை விட்டு அசையாத கிரேக்க அகராதி. 

பேருக்குத்தான் அது பல்கலைக்கழகம். நான்கு கட்டடம், ஒரு சிற்றாலயம், எல்லாருமாகச் சேர்ந்து இருநூற்றுப் பத்துப் பேர். ஒருவர் தும்மினால் மறுநாள் நாலு பேர் காய்ச்சல் தேவலையா என்று கேட்பார்கள். இறையியல் படிக்க வந்த போதகர் மகளுக்கு முதல் வாரமே ‘சின்னப் போதகர்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். போன வருடம் அவள் உயிரியலுக்கு மாறினாள். பேர் மட்டும் மாறவில்லை. சமையற்கட்டு வரைக்கும் தெரிந்த அந்தச் சேதி வளாகத்துக்குள் தெரியாதவர் ஒரே ஒருவர்தான். இன்றைய காலை ஆராதனையில் பிரசங்கம் செய்ய அழைக்கப்பட்டு வந்திருக்கும் அப்பா.

விசுவாசம் ஒன்றும் போய்விடவில்லை. கிரேக்க வினைச்சொற்களை உருப்போட்டுக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், இதை அப்பாவுக்காகத்தான் படிக்கிறோம் என்று பட்டது. அப்புறம் ஒரு வரிகூட மண்டையில் ஏறவில்லை. ஞாயிறுதோறும் தொலைபேசியில் சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பாள். அதற்குள் அப்பா ஜெபிக்கத் தொடங்கிவிடுவார். என் மகள் வேதத்தைக் கற்றுத் தேறட்டும், எனக்குப்பின் பிரசங்க மேடையில் நிற்கட்டும் என்று. அவள் ஆமென் சொல்வாள். இப்படியே நாற்பது ஞாயிறு ஓடிவிட்டது.

நர்சிங் படிக்கும் அறைத்தோழி நேற்றுச் சாயங்காலம் அவளுக்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்திருந்தாள். “ஊசி போடறப்ப நாங்க என்ன பண்ணுவோம்? ஊர்க்கதை பேசிக்கிட்டே குத்திடுவோம். நீயும் அப்படியே சொல்லிடு.”

ஆனால் ஊர்க்கதை பேச அப்பா இடம் கொடுக்கவில்லை. நுழைவாயில் தாண்டியதும் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து, துணியைப் பிரித்துப் புத்தகத்தை அவள் மடியில் வைத்தார். கண் முன்னைப்போல் இல்லை, பொடி எழுத்து பிடிபடவில்லை, இனி உனக்குத்தான் என்றார். ஓரமெல்லாம் அவருடைய பென்சில் குறிப்புகள். அவள் பக்கத்தைப் புரட்டினாள். எழுத்துகள் கலங்கின.

“நான் இறையியல் படிக்கலப்பா. மாறிட்டேன். ஒரு வருஷம் ஆகப்போகுது.”

அவர் சிற்றாலயத்தின் கதவைப் பார்த்தபடி இருந்தார். பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். சிலர் வணக்கம் சொன்னார்கள், அவரும் தலையசைத்தார்.

“அப்ப நான் ஞாயித்துக்கிழமை ஜெபம் பண்ணப்பல்லாம்...”

“ஆமென்னு சொன்னேன்.”

“எதுக்கும்மா சொன்ன?”

என்னென்னவோ பதில் யோசித்து வைத்திருந்தாள். வாயில் வந்தது வேறு. “நீங்க எனக்காக ஜெபிக்கிறது நின்னுடக் கூடாதுன்னு.”

மணி அடித்தது. அப்பா எழுந்து அங்கியைச் சரிசெய்துகொண்டு நடந்தார். பின்னால் வருகிறாளா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அவருடைய பிரசங்கத்தை வீட்டில் எத்தனையோ தடவை கேட்டவள்; குரல் எங்கே ஏறும், எங்கே தணியும் என்று அத்துப்படி. இன்றைக்கு மகளைப்பற்றி எழுதிக்கொண்டு வந்திருப்பார் என்பதும் தெரியும். மூன்றாவது தாளில் அப்பா நின்றார். மேலிருந்து கீழ்வரை கண்ணால் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பிறகு இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டு முடிவுரைக்குப் போய்விட்டார். பிரசங்கம் கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. பிள்ளைகளுக்கு ஏகச் சந்தோஷம். இவ்வளவு நல்ல பிரசங்கத்தைக் கேட்டதே இல்லை என்று ஒருவன் வாசலில் அவர் கையைக் குலுக்கினான்.

சாப்பாட்டுக்கூடத்தில் முதல்வர் அருகில் உட்கார்ந்து நாலு வாய் சாப்பிட்டார். உங்கள் மகள் ஆய்வுக்கூடமே கதியென்று கிடக்கிறாள் என்று முதல்வர் புகழ்ந்தபோது, ஆமாம், சின்ன வயதிலிருந்தே அவளுக்குப் பொறுமை அதிகம் என்றார். எதிரே இருந்த அவள் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

வெளியே வந்ததும் சொன்னார். “அம்மாகிட்ட நீயே சொல்லிடு. நான் சொல்ல மாட்டேன்.”

“கோபமாப்பா?”

“மாறினதுக்கு இல்ல. நாப்பது வாரம் என்னைத் தனியா ஜெபிக்க விட்டுட்டியே, அதுக்கு. ஆற நாளாகும்.” கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கு. எங்க படிக்கிறன்னு காட்டு.”

ஆய்வுக்கூடத்தில் யாருமில்லை. ஜன்னலோரத் தொட்டியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் விட்டு நுண்ணோக்கியில் பொருத்தினாள். அப்பா குனிந்தார். ஒன்றும் தெரியவில்லை, தன் இமைமயிர்தான் தெரிகிறது என்றார். அவள் திருகை மெல்லத் திருப்பினாள்.

 மேசை விளிம்பைப் பற்றியிருந்த அவருடைய விரல்கள் இறுகின.

“நகருது,” என்றார் மெல்ல, அந்தச் சிற்றுயிரை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல.

வெளியே சாலையில் அவர் ஊருக்குப் போகும் பேருந்து வந்து நின்று புறப்பட்டுப் போனது. அவர் நிமிரவில்லை. கண்ணை எடுக்காமலே ஒரு கையால் பின்பக்கம் துழாவினார். அவள் முக்காலியை இழுத்து அந்தக் கைக்கு எட்டும்படி வைத்தாள்.