வெறுந்தரையில் நின்ற மீன்கள்

அக்டோபர் பிறந்துவிட்டால் கிராப்பி மீன்களுக்கு ஏரியின் நடுப்பகுதி பிடிக்காது. குஞ்சுமீன்களைத் துரத்திக்கொண்டு ஓடைப் பள்ளத்தோடு உள்ளே வரும். வழியில் மூழ்கிக் கிடக்கும் கிளைக் குவியல்களில் தங்கும். இந்த ஓடையில் ஒவ்வொரு குவியலும், மீன் வந்து தங்கட்டும் என்று, ஓடெல் தன் கையால் அமிழ்த்தியது. எங்கே என்று பெண்டாட்டியிடம்கூட மூச்சுவிட மாட்டார், அவ்வளவு கஞ்சர்.

அன்று மூடுபனியில், தண்ணீருக்கு அடியில் இருப்பதைக் காட்டும் படகின் சோனார் திரையில், எல்லாக் குவியலும் காலி.

"உன் மீனெல்லாம் கோவிச்சுக்கிட்டுப் போயிடுச்சுய்யா," என்றார் படகில் கூட இருந்த ஹாய்ட். நாற்பது வருஷச் சிநேகிதர்.

"வாய மூடிட்டுத் திரையப் பாரு."

ஓடெலுக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. மூன்று வருஷத்துக்கு முன், ஒரு சண்டையில், "இனி என் வாசப்படி மிதிக்காதே" என்று மகன் டேரலிடம் கத்தினார். பிக்கப் வண்டியில் ஏறிப் போனவன்தான். டெக்சாஸில் எண்ணெய்க் கிணற்றில் வேலை செய்கிறானாம் என்று ஊர் பேசிக்கொண்டது. அதை நம்பித்தான் ஓடெல் தூங்கினார். பேசாவிட்டால் போகிறது, எங்கேயாவது உயிரோடு இருக்கட்டும்.

ஓடையைக் கடக்கும் தரைப்பாலத்தைத் தாண்டி, தண்ணீர் இறங்கிப் போகும் பக்கம், ஆழத்தில், ஒரு குவியலும் இல்லாத வெறுந்தரைக்கு மேல் படகு வந்ததும் திரை நிறைந்தது. நூற்றுக்கணக்கில் மீன். ஒன்றுகூட அசையவில்லை. தூண்டிலை மூக்கருகே இறக்கியும் தொடவில்லை. தண்ணீரில் சத்தமே இல்லை.

"எவனோ உனக்குத் தெரியாமப் போட்டுட்டான்டா குவியல!" ஹாய்ட் சிரித்தார்.

ஓடெல் சிரிக்கவில்லை. மீன்களுக்கு அடியில் நேர்கோடுகள் தெரிந்தன. மரக்கிளைக்கு நேர்கோடு ஏது? ஒரு கூரை. அதன் பின்னால், ஏணி வைக்க மூன்று கம்பிகள். அந்தக் கம்பிகளை மகனின் வண்டியில் பற்றவைத்தவர் அவரேதான்.

ஹாய்ட்டும் பார்த்துவிட்டார். முகம் வெளுத்துப்போனது.

"இல்லடா, இருக்காது. அன்னிக்கு அவன் பாலத்தத் தாண்டி ஹைவே ஏறினத நான் என் கண்ணால பாத்தேன். ஒரு சொட்டு மழை இல்ல. ரெண்டு நாள் கழிச்சுத்தானே வெள்ளம் வந்துச்சு?"

"ஆமா." ஓடெலின் குரல் உடைந்தது. "பாலத்துக்கு இந்தப் பக்கம் என் வீடு ஒண்ணுதானேடா இருக்கு. திரும்பி வந்திருக்கான்."