ஹெட்விக் வரைந்த வளைகாப்பு

"அஞ்சு சுமங்கலி வேணும். நாலு பேர்தான் இருக்கோம்" என்றாள் நாகலட்சுமி மாமி. மருமகள் கிரிஜா மணையில் உட்கார்ந்து அரைமணி ஆகிவிட்டது. வருவதாகச் சொன்னவளுக்குத் திடீர்க் காய்ச்சல். 1976-இல், மெல்பர்னின் மல்கிரேவில், நினைத்தவுடன் இன்னொரு தமிழ்ப் பெண்ணுக்கு எங்கே போவது?

கிச்சனில் ஒருத்தி இருந்தாள். கிரிஜாவின் அக்கா வைதேகி. தாயில்லாத தங்கையைத் தலைபின்னி, பள்ளிக்கு அனுப்பி வளர்த்தவள். தங்கை கையில் தானும் ஒரு வளையல் போட வேண்டும் என்றுதான் விமானம் ஏறி வந்தாள். ஆனால் கணவன் செத்து நாலு வருஷம். அதனால் அவள் கணக்கில் இல்லை. பாயசம் கிண்டலாம், அதற்கு மட்டும் தோஷம் கிடையாது.

"நீ கூடத்துக்கு வந்துடாதே, வைதேகி. தப்பா நினைச்சுக்காதே."

"சரி, மாமி. பக்கத்தாத்து ஹெட்விக்கைக் கூப்பிடுங்களேன். கையில மோதிரம் போட்டுண்டிருக்கா."

வெள்ளைக்காரிக்கு மோதிரம்தானே தாலி. மாமிக்கு உயிர் வந்தது.

ஹெட்விக் போருக்குப் பிறகு ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்தவள். பகலில் பழங்களை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலை, மற்ற நேரமெல்லாம் ஓவியம். வரைந்ததெல்லாம் இந்த வட்டாரத்தைத்தான்: முட்டைக்கோஸ் தோட்டங்கள், குனிந்து களையெடுக்கும் பெண்கள், கொல்லையில் காயும் துணிகள். கோஸ் தோட்டத்தை யார் கூடத்தில் மாட்டுவார்கள் என்று நகரத்துக் கேலரிக்காரர்கள் சிரித்தார்களாம். அவள் பாட்டுக்கு வரைந்தாள். இரண்டு மாதமாக வேலியோரம் பீன்ஸ் நறுக்கும் வைதேகியை வரைந்ததில், ஒருவர் கதை இன்னொருவருக்குத் தெரியும்.

சாயக் கறை விரல்களோடு ஹெட்விக் வந்தாள். மாமி குங்குமம் வைத்துவிட்டாள். கிரிஜாவின் வலது கையில் ஹெட்விக் பச்சை வளையல்களைப் பதமாக ஏற்றினாள். பிறகு சுவரோரம் உட்கார்ந்து நோட்டை விரித்தாள்.

எட்டிப் பார்த்த மாமியின் முகம் சுண்டியது. படத்தில் எல்லோரையும்விடப் பெரிதாக, கிச்சன் நிலைப்படிக்குள் வைதேகி நின்றாள்.

"நல்ல நாளும் அதுவுமா இவளை ஏன் வரையறா? கேளுடி."

கிரிஜா ஆங்கிலத்தில் கேட்டாள். "கண்ணுல படறதைத்தான் வரைவாளாம், அம்மா."

"அவ ஆத்துக்காரர் ஒண்ணும் சொல்ல மாட்டாரா?"

கிச்சனிலிருந்து பதில் வந்தது. "அவர் போர்ல செத்து முப்பத்திமூணு வருஷமாச்சு, மாமி."

மாமி கிச்சன் பக்கம் திரும்பினாள்.

"தெரிஞ்சுண்டே சொன்னியா? அந்த வளையலைக் கழட்டுடி, கிரிஜா."

சொல்லிவிட்டு மாமியே வாயைப் பொத்திக்கொண்டாள். பிள்ளைத்தாய்ச்சியின் வளையலைக் கழற்றுவது அதைவிடப் பெரிய அபசகுனம்.

கிரிஜா கழற்றவில்லை. வெறும் இடது கையை கிச்சன் பக்கம் நீட்டினாள்.

"அக்கா, இந்தக் கைக்கு நீ போடு."

வைதேகி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். மாமி தடுக்கவில்லை. ஹெட்விக் ரப்பரை எடுத்து, படத்திலிருந்த நிலைப்படியை அழிக்கத் தொடங்கினாள்.