கொழுந்தன் என்றொரு வெற்றுச் சொல்

1.

இந்தக் கதையை நான் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஒட்டுக்கேட்டேன். துறையூர் பஸ்ஸுக்குக் காத்திருந்த இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது. (இது பொய். கதை முடிவதற்குள் திருத்திவிடுகிறேன். ஓய்வுபெற்றவனுக்குப் பொய் சொல்லவும் நேரம் இருக்கிறது, திருத்தவும் நேரம் இருக்கிறது.)

தொடக்கத்தை மூன்று தடவை எழுதினேன்.

“கார்மேகம் சூழ்ந்த மாலையில் பாடாலூரின் வெங்காயப் பட்டறைகள் மௌனமாக —” அடித்துவிட்டேன். பட்டறை எந்தக் காலத்தில் பேசியது, இப்போது மௌனமாக இருக்க?

“நுண்கட்டுப்படுத்திகளுக்கான நிரல்மொழிகளுள் ஃபோர்த் தொன்மையான —” நுண்கட்டுப்படுத்தி என்று எழுதியதுமே சட்டைக் காலர் இறுகியது. சில்லு (சிப்) என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

மூன்றாவது இதோ.

2.

சசிகலாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். அந்தக் காலத்தில் அவர் தட்டினால் இன்ஸ்டிட்யூட் கூரையில் ஓடு நகரும். கணவர் பெயர் பாவாடை, விவசாயி. வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி, கொல்லைக்காட்டில் அவர்களுடைய பட்டறை: கீற்றுக் கூரை, காற்று நுழையக் கம்பு அடைப்பு, உள்ளே அடுத்த பட்டத்துக்கு விதைக்க வைத்திருக்கும் சின்ன வெங்காயம். போன வருடம் ஈரக்காற்றில் பாதிக்கு மேல் அழுகிப்போனது. அந்த நாற்றத்துக்கு நெடுஞ்சாலை லாரிகள் பாடாலூரில் டீ குடிக்காமல் சமயபுரம் வரை ஓடின. (அவ்வளவு இல்லை. ஒரு லாரி.)

இந்த வருடமும் அழுகினால் விதைக்க வெங்காயக் காய் கிடையாது. ஈரம் ஏறினால் தானே ஓடி, காய்ந்தால் தானே நிற்கும் விசிறி ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் மழை முடியும்வரை யாராவது ஒருவர் பட்டறையிலேயே குடியிருக்க வேண்டும். அடுத்த மாதமோ அரியலூரில் பாவாடையின் தம்பி வீட்டில் மூன்று நாள் கல்யாணம்.

மகள் ஆர்த்தி காலேஜில் வாங்கிய சில்லுப் பலகை ஒன்று பரணில் கிடந்தது. கூடவே அவளுடைய பழைய லேப்டாப். அதன் பொத்தானை அமுக்கிவிட்டு மாடு கறந்து, சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வந்தால் திரை வெளுத்துக்கொண்டிருக்கும். பெரிய மென்பொருள் எதையும் தாங்காது.

“அதுக்கு ஃபோர்த் போதும்மா,” என்றாள் ஆர்த்தி, ஓசூரிலிருந்து போனில். “மொழியே சில்லுக்குள்ள உக்காந்துக்கும். லேப்டாப்பு சும்மா கீபோர்டுக்குத்தான். நீ டைப் அடி, அது பதில் சொல்லும்.”

பாவாடை கேட்டார்: “ஃபோர்த்துன்னா நாலாவதுதானே? மொத மூணு எங்க?”

“உங்க தம்பி எடுத்துட்டுப் போயிட்டாரு,” என்றார் சசிகலா.

3.

[இங்கே நிறுவும் முறையைப் பன்னிரண்டு பக்கம் எழுதியிருந்தேன். என் மனைவி அதில் முறுக்கு மடித்துவிட்டாள். மிஞ்சியது இவ்வளவுதான்.]

முதல் நாள் சசிகலா சில்லை லேப்டாப்பில் சொருகினார். சில்லில் விளக்கு எரிந்தது. லேப்டாப் கண்டுகொள்ளவில்லை. இரண்டாம் நாளும் அதே. மூன்றாம் நாள் ஆர்த்தி கேட்டாள்: “கேபிள் எங்கம்மா வாங்குன?”

“பஸ் ஸ்டாண்டுலதான்.”

“அது சார்ஜ் போடற கேபிள். கரண்டு போகும், பேச்சு போகாது.”

“எங்க பெரியப்பா வூட்டு உறவு மாதிரி,” என்றார் பாவாடை. “பலகாரம் வரும், பேச்சுவார்த்தை கிடையாது.”

வேறு கேபிள் வந்தது. இப்போது சில்லு பேசியது, ஆனால் சாமியாடியைப் போல வாய்க்கு வந்ததைக் கொட்டியது. இரண்டு பக்கமும் பேசும் வேகம் ஒன்றாக இல்லையாம். வேகத்தைச் சரிசெய்து எண்டர் தட்டினார் சசிகலா. திரையில் ஒரே ஒரு வார்த்தை: ஓகே.

“முப்பத்தாறு வருசத்துல இந்த வூட்ல நான் சொன்னதுக்கு மொத ஓகே இதான்.”

ஃபோர்த்தில் எண்கள் முதலில், வேலை கடைசியில். மூன்று, நான்கு, அப்புறம்தான் கூட்டு. படித்தவர்கள் இதைக் கேட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்வார்களாம். பாவாடைக்கு அதில் ஒரு சிக்கலும் இல்லை. “நாமளும் ‘தண்ணி கொண்டா’ன்னுதானே சொல்றோம். ‘கொண்டா தண்ணி’ங்கறது கோவத்துல.”

4.

இந்த மொழியில் நாமே சொல் உண்டாக்கலாம். ஒரு முக்காற்புள்ளி, பெயர், அந்தச் சொல் செய்ய வேண்டிய வேலைகள், கடைசியில் அரைப்புள்ளி. பழகிப் பார்க்க, சசிகலா உள்ளே ஒரு வேலையும் வைக்காமல் முதல் சொல்லை அடித்தார்:

: கொழுந்தன் ;

பிறகு கொழுந்தன் என்று அடித்து எண்டர் தட்டினார். சில்லு ஒன்றும் செய்யவில்லை. ஓகே என்றது.

“அச்சு அசல் உங்க தம்பி! ஒரு வேலை செய்யாது, எல்லாத்துக்கும் ஓகே.”

பாவாடைக்குப் புரையேறிவிட்டது.

(கொழுந்தன் ராஜராஜன் என்ற இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. அரியலூரில் சிமென்ட் ஆலையில் கருவிப் பிரிவு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். போகிற வீட்டிலெல்லாம் மிக்ஸியைத் திருப்பிப் பார்த்துப் புத்தி சொல்வார், கழற்றமாட்டார். இவ்வளவு பொருத்தமாக ஒரு மனிதன் இருப்பானா? அவரை நீக்கிப் பார்த்தேன். கதையில் ஒரு கேபிள்தான் மிஞ்சியது. திரும்பச் சேர்த்துவிட்டேன்.)

கொழுந்தனுக்கு மேல் ஒவ்வொன்றாக ஏறியது: ஈரம், விசிறி-ஓடு, விசிறி-நில், கடைசியில் இவை எல்லாவற்றையும் மேய்க்கும் பட்டறை. மூன்று வாரம். எல்லாம் நேராகச் சில்லுக்குள்ளேயே அடித்தது. நோட்டில் எழுதவில்லை, லேப்டாப்பில் சேமிக்கவில்லை. சில்லோடு இணைத்த ஈரமானியில் ஈரத்துணியைக் காட்டினால் விசிறி ஓடியது, எடுத்தால் நின்றது.

5.

பட்டறையில் மாட்ட வேண்டிய அன்று ராஜராஜன் வந்தார், மகள் கல்யாணப் பத்திரிகையோடு.

“வாங்க தம்பி,” என்ற சசிகலா லேப்டாப்பை மூடப்போனார்.

“இருங்க அண்ணி, என்ன இது? ஃபோர்த்தா! அதெல்லாம் மலையேறிப்போச்சே!” என்று கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, உள்ளே இருக்கும் சொற்களைப் பட்டியல் கேட்டார். அது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. பட்டறை, விசிறி-நில், விசிறி-ஓடு, ஈரம், கொழுந்தன்.

கடைசிச் சொல்லை அடித்துப் பார்த்தார். ஓகே. மறுபடி. ஓகே.

“இது என்ன செய்யுது அண்ணி?”

“அது... ஒண்ணும் செய்யாது தம்பி.”

பாவாடை மாட்டைப் பார்த்து வருவதாக எழுந்தார். மாடு இங்கேயே தெரிந்தது.

“அழிங்க,” என்றார் ராஜராஜன்.

“ஃபர்கெட்டுன்னு ஒண்ணு இருக்கு. ஆனா ஒரு சொல்ல மறக்கச் சொன்னா, அதுக்கப்பறம் வந்த எல்லாத்தையும் சேத்து மறந்துடும். மூணு வாரத்து வேல தம்பி.”

“அப்ப அதுக்குள்ள ஏதாவது நல்லதா எழுதுங்க.”

“அதே பேருல புதுசா மேல எழுதலாம். பழைய கொழுந்தன் அடியில அப்படியேதான் கெடப்பாரு.”

ராஜராஜன் காது சிவக்க, ‘ஃபர்கெட் கொழுந்தன்’ என்று அடித்தார். எண்டர் மட்டும் பாக்கி. ரஞ்சன்குடிப் பக்கம் வானம் கருத்திருந்தது.

சசிகலா அவர் கையைத் தட்டிவிடவில்லை. பத்திரிகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பாவாடை வாசலிலிருந்து சொன்னார்:

“டேய், அமுக்கறதுன்னா அமுக்கு. ஆனா நாங்க வெங்காயத்த விட்டுட்டு வர முடியாது. பொண்ணுக்குப் பெரியப்பன் பெரியம்மா இல்லாமதான் தாலி ஏறும். இல்லாட்டி மூணு நாளும் நீ வந்து பட்டறையில உக்காரு.”

முதல் தூறல் மாட்டுக்கொட்டகைக் கீற்றில் விழுந்தது.

6.

இப்போது திருத்தம். பஸ் ஸ்டாண்டும் இல்லை, இரண்டு பெண்களும் இல்லை. எண்டர் மேல் நின்ற அந்த விரல் என்னுடையது. ராஜராஜன் நான்தான். நான்காம் பகுதியில் என்னை நானே சந்தேகப்பட்டதை நீங்கள் அடக்கம் என்று நினைத்திருந்தால், அண்ணி சிரிப்பார்.

முடிவுகள் கைவசம் மூன்று.

அ) அமுக்கினேன். மானம் மிஞ்சியது. காய் —

ஆ) புதுக் கொழுந்தனை மேலே எழுதினேன்: விசிறியை ஓட்டுவான். சில்லு, இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவன் இருக்கிறானே என்று அண்ணன் முன்னாலேயே எச்சரித்தது. அதன் பிறகு —

இ) விரலை எடுத்து, அடித்த வரியை ஒவ்வொரு எழுத்தாகப் பின்னால் அழித்து, பத்திரிகையை வெற்றிலைத் தட்டில் வைத்து —

எதையும் முடிக்க முடியவில்லை. எதைச் சொன்னாலும் அண்ணி படிப்பார். ஆகவே பெயரை மட்டும் நான் வைத்துவிடுகிறேன்:

: முடிவு ;

நடுவில் இருக்கும் இடம் உங்களுடையது. நிரப்பாமல் விட்டாலும் சில்லு கோபித்துக்கொள்ளாது. ஓகே என்று சொல்லும். எனக்குத் தெரியும், என்னிடமே சொல்லியிருக்கிறது, இரண்டு தடவை.