ஏறுகிற சராசரி

ஒவ்வொருவருடைய மூச்சும் மாதாமாதம் குறைகிறது. எல்லோருடைய சராசரி மட்டும் ஏறுகிறது. எப்படி? மருத்துவமனையின் புள்ளியியல் அறையில் உட்கார்ந்திருந்தவளுக்கு மண்டை காய்ந்தது. புது மாத்திரையின் சோதனையில் இருந்த நோயாளிகளில் யாரைத் தனியாக எடுத்துப் பார்த்தாலும், குழாயில் ஊதிய காற்று போன மாதத்தைவிடக் கம்மி. மொத்தமாகக் கூட்டி வகுத்தால் கோடு நிமிர்ந்து மேலே போகிறது.

அந்தக் கோட்டை நம்பித்தான் தம்பி இருந்தான். அண்ணனைக் கொண்டுபோன அதே நுரையீரல் நோய் அவனுக்கும். அந்த மாத்திரை வேலை செய்தால் அறுவை சிகிச்சை வேண்டாம். செய்யாவிட்டால் நாளையே அதற்குச் சம்மதக் கையெழுத்து.

போனில் கூப்பிட்டான். "என்னக்கா, கத்திக்குத் தப்பிச்சேனா?"

"கோடு ஏறுதுடா. ஏன் ஏறுதுன்னுதான் புரியல."

"ஏறுற கோட்ட எதுக்கு நிறுத்தி விசாரிக்கிற? நீ திருந்தவே மாட்ட."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தகவலில் யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். ஆனால் அண்ணனின் எண் அவளுக்குத் தெரியும். மூன்று மாதம் ஊதியிருந்தான். அப்புறம் கட்டங்கள் காலி. அவனைப் போலவே மூச்சு குறைந்தவர்களாகப் பார்த்துக் காலியாகியிருந்தார்கள். பலவீனமானவர்கள் எழுந்து போகப் போக, மிச்சமிருந்தவர்களின் சராசரி ஏறியது. யாருக்கும் குணமாகவில்லை. செத்தவர்கள்தான் கோட்டைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஒரே ஆள் பல தடவை ஊதியதைப் பல ஆட்கள் ஊதியதாக எண்ணிக் குவித்ததுதான் பிசகு. ஒருவரின் அளவுகள் ஒன்றோடொன்று ஒட்டியவை, பிரிக்கக் கூடாது. ஆளுக்கொரு தொடக்கம், ஆளுக்கொரு சரிவு, அத்தனைக்கும் அடியில் பொதுவாக ஒரு சரிவு என்று கணக்கை மாற்றி அமைத்தாள். கொஞ்ச நாளே இருந்தவர்களின் கோட்டுக்கு மற்றவர்களின் கோடுகள் கை கொடுக்கும். யாரையும் தூக்கிப் போட வேண்டியதில்லை.

திரையில் கோடுகள் விரிந்தன. அண்ணனுடையது மூன்றாம் மாதத்தில் நிற்கவில்லை. அவன் இல்லாத மாதங்களுக்குள்ளும் மெல்லச் சரிந்து போனது, இன்னும் எங்கோ உட்கார்ந்து ஊதிக்கொண்டிருப்பவனைப் போல. கடைசித் தடவை, அவள் பக்கத்தில் நிற்க, குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "போதுமா?" என்று கேட்டிருந்தான். அந்தக் குரல் அறைக்குள் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தம்பியைக் கூப்பிட்டாள்.

"கையெழுத்துப் போட்டுடு."

"ஏறுதுன்னியேக்கா?"

"இருக்கறவங்கள மட்டும் வச்சுக் கூட்டினா ஏறுது. ஆளாளுக்கு ஒரு கோடு குடுத்து, அண்ணனையும் சேத்துப் பாத்தா இறங்குதுடா."