வேலிக்கரைத் தும்பை

இரண்டு நாள் பயிற்சி முடிந்து வீடு திரும்பிய பிரஷாந்தி ரீச்சர் பையைக்கூட இறக்காமல் வேலிக்கு ஓடினாள். வேலியோரத்துத் தும்பை முழுக்க மஞ்சளித்து, கருகிப் படுத்துக் கிடந்தது. களைக்கு மருந்தடித்தது வேறு யாருமல்ல, தாலி கட்டிய உதயரூபன்தான். ஞாயிறு அவருடைய அக்காமார் விருந்துக்கு வருகிறார்களாம். வீட்டைச் சுற்றிய வளவு வெறும் மணலாகப் பளிச்சென்று கிடக்காவிட்டால் மானம் போய்விடுமாம்.

அந்தத் தும்பைக்கு ஒரு ஈ வரும். தேனீ மாதிரி மஞ்சள் பட்டை போட்டிருக்கும், ஆனால் கொட்டத் தெரியாது. பூவுக்கு முன்னால் அந்தரத்தில் அப்படியே நிற்கும், மூச்சு விட்டால் ஆளைக் காணோம். அது அந்தரத்தில் நிற்கிற படம் ஒன்று ஊர்க் கண்காட்சிக்கு வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அவளிடம் ஒருவர் படம் கேட்டது அதுதான் முதல்தடவை. மாரி முடிந்ததிலிருந்து காலையில் மணலில் குப்புறப் படுத்து, எறும்புக்கடி வாங்கி, கலங்கல் கலங்கலாக எடுத்துத் தள்ளியிருந்தாள். போன கிழமைதான் அது கமராவுக்குப் பயப்படாமல் நிற்கத் தொடங்கியிருந்தது.

"ஈ மொய்க்கிற பத்தைக்கு என்னத்துக்குகா இவ்வளவு கோபம்?" என்றார் உதயரூபன்.

மட்டக்களப்பில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வீடும் வளவும் பெண்ணின் சீதனம். அதை வாய்விட்டுச் சொல்லிக்காட்டுவது மட்டும் வழக்கமில்லை. பிரஷாந்தி சொன்னாள்.

"இது எனக்கு அம்மா தந்த வளவு. நீங்க வந்திருக்கிற இடம். என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டீங்களா?"

அவர் முகம் செத்துப்போனது. மழை பெய்தால் திரும்ப முளைக்கும் என்று முணுமுணுத்தார். கண்காட்சி அடுத்த கிழமை, மழைக்கு இன்னும் மாதக்கணக்கு இருக்கிறது என்று அவள் கத்தினாள். பிறகு கமராவைத் தூக்கிக்கொண்டு வேலிக்கரைக்குப் போனாள்.

ஞாயிறு வந்த அக்காமார் வளவின் துப்புரவை மெச்சிக்கொண்டே சோறு தின்றார்கள். பிரஷாந்தி பல்லைக் கடித்துக்கொண்டு பரிமாறினாள்.

கண்காட்சிக்கும் அதே அக்காமாரை உதயரூபன் கூட்டிவந்தார். ரீச்சர் பெண்சாதியின் படம் சுவரில் தொங்குவதில் அவருக்குப் பெருமை. நடுச்சுவரில் தொங்கியது கருகிய தும்பை. அதன் அடியில் கால்களை மேலே மடக்கியபடி அந்த மஞ்சள் பட்டை ஈ. பின்னால் வேலியில் சாத்திய, முதுகில் மாட்டி மருந்தடிக்கிற தாங்கி.

படத்தின் கீழே எழுதியிருந்ததை மூத்த அக்கா எழுத்துக்கூட்டிச் சத்தமாக வாசித்தார்: "படம் எடுத்தவர், பிரஷாந்தி. மருந்தடித்தவர், உதயரூபன்."

உதயரூபன் யார் என்று சனம் கேட்டது. பிரஷாந்தி கை நீட்டி ஆளைக் காட்டினாள்.