அத்தைக்கு முன்னால் மணி அடிக்காத கதை

1
உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பிறந்தது என் கைபேசியில், ஒரு செயலிக்குள். இதய நோய் ஆராய்ச்சிக்காக எங்கள் குடும்பத்தின் உடல்நல வரலாற்றைக் கேட்டிருந்தார்கள். ஆளாளுக்குத் தங்கள் கைபேசியில் பதில் சொன்னால் போதும், குடும்ப மரம் தானாக வளரும். அது கிளை விட விட எனக்குத் தலைகால் புரியவில்லை.

2
முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: "திடீரென்று தொலைபேசி மணி அடித்தது. அத்தை மயங்கி—"

(வேண்டாம். காரணம் பிறகு.)

3
அத்தை என்றால் அப்பாவின் தங்கை. தையல் கடை வைத்திருக்கிறார். அழைப்புமணி, அலாரம், எது திடுமென்று ஒலித்தாலும் சாய்ந்துவிடுவார். சற்று நேரத்தில் எழுந்து தைக்க உட்கார்ந்துவிடுவார். வீட்டில் அவருக்குப் பட்டப்பெயர் நாடகக்காரி.

குடும்பத்தில் மயக்கம் உண்டா என்று செயலி கேட்டது. எல்லோரும் 'இல்லை' என்றோம். அத்தையும்தான். நடிப்பை யாராவது நோயில் சேர்ப்பார்களா?

4
போன வாரம் அண்ணன் மகளின் பள்ளியில் அபாயமணி ஒத்திகை. மணி ஒலித்ததும் அவள் சாய்ந்தாள். "அப்படியே நம்ம அத்தை. நாடகம்" என்று அண்ணன் சிரித்தான்.

எனக்குச் சிலிர்த்தது. திடீர் ஓசையில் இதயத் துடிப்பு தடுமாறும் பரம்பரைக் கோளாறு ஒன்று உண்டு என்று செயலியிலேயே படித்திருந்தேன். மருந்து இருக்கிறது, கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. ஒரே குடும்பத்தில் இருவருக்கு அப்படி மயக்கம் என்றால் ஆய்வுக் குழு உடனே அழைத்துச் சோதிக்கும். கடைக்கு ஓடினேன்.

5
அத்தை ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டார்.

"இப்ப மட்டும் 'ஆமா'ன்னு போடணுமா?"

"குழந்தைக்காக, அத்தை."

"அவளுக்காகத்தான் யோசிக்கிறேன். பெருசும் சிறுசும் சேர்ந்து நடிக்குதுங்கன்னுதானே உங்கண்ணன் சொல்லுவான்? நீதான் கதை எழுதுறவளாச்சே. நான் நடிக்கலைன்னு எழுது. அவன்கிட்ட படிச்சுக் காட்டு. அப்புறம் போடறேன்."

(இங்கே அத்தை அழுவதாக எழுதிப் பார்த்தேன். அவர் அழவில்லை.)

6
அத்தை நடிக்கவில்லை. ஒரு தடவைகூட நடிக்கவில்லை.

அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். எழுந்து போய் மகளின் அலாரக் கடிகாரத்தை எடுத்துவந்து பேட்டரியைக் கழற்றினான். "மருந்து இருக்குல்ல?" என்று மட்டும் கேட்டான். அத்தை 'ஆம்' என்பதைத் தொட்டார். மகளுக்காக அண்ணனும் தொட்டான். மரத்தில் இரண்டு கிளைகள் சிவந்தன.

7
இனி ஆய்வுக் குழு அழைக்க வேண்டும். கதையை முடிக்க வழக்கமான ஒரு மணியோசை போதும். அதைத்தான் என்னால் எழுத முடியாது. தையல் கடையில் அத்தையும் அண்ணன் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். கைபேசியை சைலண்டில் போட்டுவிட்டு எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

முடிவு உங்கள் கையில். எப்படி வேண்டுமானாலும் முடியுங்கள். சத்தம் மட்டும் வேண்டாம்.